முக்கு இன்னும் வரல

போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். நான் வேலையை விட்டு வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வைத்த பேச்சுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கிறதாம். அதைச் சரிபார்ப்பது அவர் வேலை.

"அண்ணே, ஒரு ஃபைல் முழுக்க ஒரே இரைச்சலா இருக்குண்ணே. கம்ப்யூட்டர் மொத்தத்துக்கும் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கு. 'மூக்கு இன்னும் வரல'ன்னு. யாருக்குண்ணே மூக்கு வரல?"

"மூக்கு இல்ல தம்பி. முக்கு. தெரு முக்கு" என்றேன்.

"அது ஏண்ணே வரல? வேற ஒண்ணும் இல்லேன்னா அழிச்சிரவா? எடத்த அடைக்குது."

அழிக்க வேண்டாம், எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எனக்குப் போனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. நேரில் அதைவிட மோசம். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கக் கேட்பேன். அவர் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தால் வேர்க்க ஆரம்பித்துவிடும். அடுத்தவர் பேச்சைக் கேட்டு டைப் அடிக்கிற வேலையில் நான் இத்தனை வருடம் நிலைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

போனை வைப்பதற்கு முன் தம்பி இன்னொன்றும் சொன்னார். "நீங்கெல்லாம் கலைஞர்களோட உக்காந்து ஜாஸ் பத்திப் பேசுனவங்க. ஜாலியா இருந்திருக்கும்லண்ணே?"

ஜாலி! அந்தச் சொல் தந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். பிறகு திருவிழாப் பாட்டுகளைப் பதிவு செய்து கேசட் போடுகிற கடையில் மைக் பிடித்தேன். கேசட் போய் சி.டி. வந்து, சி.டி.யும் போனபோது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மைக்கும் தெரியும், டைப்பும் தெரியும், வாய் மட்டும் பேசாது என்று யாரோ சொல்லித்தான் தனபாலன் சார் எனக்கு ஆள் அனுப்பினார்.

தனபாலன் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் ஒரு வங்கியில் இருந்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் மதுரைக்கு வந்து தங்கியவர். வெளிநாட்டில் இருந்தபோது ஜாஸ் என்கிற இசையில் விழுந்துவிட்டார். ஒரு மெட்டை எடுத்துக்கொள்வது, பாதியில் அதை விட்டுவிடுவது, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை எல்லாம் வாசித்துக்கொண்டே போவது. ஜாஸ் என்றால் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நம் ஊர் நாயனக்காரர்களும் பேண்டு செட்காரர்களும் பேர் தெரியாமல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது சாரின் நம்பிக்கை. அவர்களிடம் ஜாஸைப் போட்டுக் காட்டிப் பேச வைத்துப் புத்தகம் போடுவதற்காகவே காளவாசலில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். வேலைக்கு நான் ஒரே ஆள்.

சாரிடம் ஒரு முறை உண்டு. அதிலிருந்து ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரமாட்டார். கலைஞர் வீட்டுக்குப் போனதும் தரையில் உட்காருவார். பிளாஸ்கிலிருந்து தன் காபியைத் தானே ஊற்றிக்கொள்வார். மைக்கை வைத்ததும் ஒரு விரலைத் தூக்குவார். "ஒரு நிமிடம் எல்லாரும் மௌனமா இருக்கணும்" என்பார். பேச்சுக்குப் பின்னால் கேட்கிற அறைச் சத்தத்தைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு வெட்டி ஒட்ட வசதி. விஷயம் அவ்வளவுதான். ஆனால் மதுரையில் ஒரு வீட்டுக்குள் போய் ஒரு நிமிடம் மௌனம் என்று சொன்னால் என்ன ஆகும்? உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வரும். அடுப்படியிலிருந்து ஒரு அம்மா ஈரக்கையோடு வந்து, "யாரு தவறுனது?" என்று மெதுவாகக் கேட்பார். போன வீடெல்லாம் இதே கதை. முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடலாமே சார் என்று நான் கேட்டதற்கு, விளக்கினால் இயல்பு கெட்டுவிடும் என்றார்.

அடுத்து ஸ்பீக்கரை எடுத்து வைப்பார். எப்போதும் ஒரே பாட்டு. ஒருவர் டிரம்பெட் ஊதுவார், பின்னால் டிரம் ஓடும். பேரும் சொல்லமாட்டார், ஊரும் சொல்லமாட்டார். முடிந்ததும், "என்ன கேட்டுச்சு?" என்பார். கடைசியாக, யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும்: "உங்க கலைக்கான உந்துதல் எங்கிருந்து வருது?"

உந்துதல் என்ற சொல்லைச் சார் எங்கே பிடித்தாரோ தெரியாது. இங்கே வண்டியைக்கூட நாங்கள் தள்ளிக்கொண்டுதான் போவோம், உந்த மாட்டோம். ஆரப்பாளையத்தில் லாட்ஜ் போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவர் அந்தக் கேள்விக்கு வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என்னைய யாரும் உந்தலங்க. நானாத்தான் வந்தேன்." நையாண்டி மேளத்தில் நாயனம் வாசிப்பவர், பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரைக் காட்டி, "இவருக்கு வீட்டுல ஏதும் பிரச்சனைங்களா?" என்று கேட்டார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பிக்கு மட்டும்தான் ஜாஸ் என்ற பேர் தெரிந்திருந்தது. சார் சந்தோஷத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஜாஸ்தானே சார்? என் கீபோர்டுல இருக்கே. ஆனா அந்த பட்டன் அமுங்கிப் போச்சு" என்றார் தம்பி.

இதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் நான் டைப் அடிக்க வேண்டும். இருமினால் இருமல் என்று போடவேண்டும். ஒன்றும் பேசாவிட்டால் மௌனம் என்று போடவேண்டும். "சொல்லப்படாததும் பதில்தான் செல்வம்" என்பார் சார். ஒரு நாள் முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பினார். "இதுல ஒரு 'ம்' இருக்கு பாருங்க. ஒத்துக்கிட்ட 'ம்'மா, ஒத்துக்காத 'ம்'மா?" ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு 'ம்'மை மத்தியானம் வரை கேட்டேன். வெற்றிலை மெல்லுகிற 'ம்' அது. சொன்னேன். வெற்றிலை என்று போடுங்கள் என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆனையூரில் மாயழகு வீட்டுக்குப் போனோம்.

மாயழகு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவர். அப்பா அம்மா மேற்கே ஒரு கிராமத்தில் வயல் வேலை பார்த்தவர்கள். இவர் கல்யாண ஊர்வலங்களுக்குப் பின்னாலேயே நடந்து நடந்து ஊதக் கற்றுக்கொண்டு நகரத்துக்கு வந்தவர். செட்டை நடத்துவது அவருடைய மனைவியின் தம்பி பால்சாமி. அவர் கழுத்தில் மாட்டி அடிக்கிற சைடு டிரம்காரர். மாடியில் தகரக் கொட்டகை, கொடியில் தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பால்சாமி எங்களைப் பெரிதாக மதிக்கவில்லை. வெளியே உட்கார்ந்து டிரம் தோலை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மௌனம் என்றதும் வழக்கம்போல மாயழகுவின் மனைவி மிக்சியை நிறுத்திவிட்டு வந்து, யார் தவறியது என்று கேட்டார். அதெல்லாம் முடிந்து பாட்டு ஓடியது. மாயழகு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்தார். பாட்டு முடிந்ததும் அவர்தான் சாரைக் கேள்வி கேட்டார்.

"இதுல முக்கு எங்க சார் வருது?"

சாருக்குப் புரியவில்லை. "ரொம்ப முக்கி ஊதறாருங்களா?"

வெளியே பால்சாமி சிரித்த சிரிப்பு பதிவில் இருக்கிறது. "அய்யோ சார், முக்குனா தெரு முக்கு!"

மாயழகு பொறுமையாகச் சொன்னார். ஊர்வலம் ஒவ்வொரு தெரு முக்கிலும் நிற்கும். அடுத்த பாட்டு அங்கேதான் தொடங்கும். அதனால் முக்கு வருவதற்குள் பழைய பாட்டை முடித்துவிட வேண்டும். முக்கு நெருங்கும்போது சைடு டிரம்காரர் ஒரு உருட்டு உருட்டுவார். அது கேட்டதும் டிரம்பெட் பாட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் ஆடுகிறவன் நிற்கமாட்டான், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், போலீஸ்காரர் விசில் ஊதுவார்.

"எங்க பாட்டுக்கு நீளம் தெருவு வச்சுத்தான் சார். இவரு எந்த ஊரு தெருவுல ஊதுறாரு? முக்கே காணம்."

"முக்கே இல்லாத ரோடு கிடைச்சா நீங்க என்ன செய்வீங்க?" என்று சார் கேட்டார்.

மாயழகு பதில் சொல்லவில்லை. மௌனம் என்று டைப் அடித்தேன்.

"அப்பிடி ரோடு மதுரையில ஏது?" என்றார் வெளியிலிருந்து பால்சாமி.

கிளம்பும்போது மாயழகு அந்தப் பாட்டைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏற்றிக் கொடுத்தார்.

முகூர்த்த மாதம் பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்தது. அலுவலக நம்பர் என்று நாங்கள் கொடுத்தது என் நம்பரைத்தான்.

"அண்ணே, பால்சாமி பேசுறேன். எங்க மச்சான்கிட்ட பேட்டி எடுத்துட்டுப் போனீங்கள்ல? வந்து எங்க மச்சானத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

காளவாசலில் ஒரு கல்யாண ஊர்வலம். பால்சாமி முக்குக்கு உருட்டிவிட்டார். மாயழகு இறக்கவில்லை. இன்னொரு முறை உருட்டினார். மாயழகு கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார். ஆடுகிற பையன்கள் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, தாளம் பிடிபடாமல் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். நாலு ரோட்டிலும் வண்டி நின்றது. பெண்ணின் தாய்மாமன் வந்து டிரம்பெட் வாய்க்குள் துண்டைச் செருகினாராம்.

"துண்டு செருகியும் ஊதுறாருண்ணே! துண்டு பறக்குது! எம்புட்டு அசிங்கம்!"

நான் ம் என்றேன். எந்த 'ம்' என்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு சடங்கு வீடு. அதன் பிறகு ஒரு புதுக் கடை திறப்பு. ஒவ்வொன்று முடிந்ததும் பால்சாமி என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். நான் சாரிடம் சொல்வேன். சார் குதிகால் தரையில் படாமல் அறைக்குள் நடப்பார். "நடக்குது செல்வம், நடக்குது!" என்பார். என்ன நடக்கிறது? அங்கே ஒரு மனிதனின் பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் ஓடாமலே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக வந்த போனில் பால்சாமி திட்டவில்லை. குரல் இறங்கியிருந்தது. நகரத்துக்கு மேற்கே ஒரு ஊரில் முளைப்பாரித் திருவிழா. அந்த ஊருக்கு வருடா வருடம் இவர்கள் செட்தான். இந்த ஊர்வலக் கதைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. பாட்டை முடிக்கத் தெரியாத ஆளைக் கூட்டி வராதே என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார்.

"வேற டிரம்பெட் பேசிட்டேண்ணே. பேசிட்டு வந்தா அக்கா சோத்த வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. இந்தத் திருவிழாவுக்கு அவரு வரலேன்னா, இனி எந்த செட்டுலயும் அவர நிப்பாட்ட மாட்டாங்கண்ணே. நாளைக்கி அவரக் கூட்டிட்டு வாரேன். உங்க சாரு அவருகிட்ட ஒரு வார்த்த, 'இனி அப்பிடி ஊதாத'ன்னு சொல்லணும். அவரு சொன்னாத்தான் கேப்பாரு."

மறுநாள் இருவரும் வந்தார்கள். மாயழகு இளைத்திருந்தார். டிரம்பெட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மைக்கை வைங்க செல்வம்" என்றார் சார். வைத்தேன். விரலைத் தூக்கினார். "ஒரு நிமிடம் மௌனம்."

பால்சாமி எழுந்து நின்றார். "எங்க பொழப்பு செத்துக்கிட்டு இருக்கு சார். அதுக்கு வேணா ஒரு நிமிசம் நிக்கிறேன்."

நின்றார். அந்த ஒரு நிமிடமும் பதிவில் அப்படியே இருக்கிறது. கீழே கடையில் யாரோ இரும்புக் குழாய் அறுக்கிற சத்தம்.

சார் அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "மாயழகு, இந்த உந்துதல் உங்களுக்கு எங்கிருந்து வருது?"

மாயழகு சாரை நேராகப் பார்த்தார்.

"நீங்க போட்டுக் காமிச்சீங்கள்ல சார், அதுல இருந்துதான் வந்துச்சு. நீங்களே திரும்ப வாங்கிக்கங்க. எனக்கு வேணாம். பாட்ட முடிக்கிற எடத்துக்கு வந்துட்டேன்னு வைங்க, பக்கத்துல ஒரு சந்து தெரியிது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம வர முடியல. பாத்துட்டு வந்தா இன்னொரு சந்து. அதுக்குள்ள முக்கு போயிருது. தாய்மாமன் வந்துர்றாரு. வாங்கிக்கங்க சார். ஆனையூருக்குப் போனா எம்பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியல."

சார் தூக்கிய விரல் அப்படியே நின்றது. அவர் மௌனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பதில் வாங்குவதற்கான மௌனம். இது வேறு. கடைசியில், "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நான் வெறும் கேக்கறவன். திரும்ப வாங்கிக்கறது எப்படின்னு எனக்குத் தெரியல" என்றார்.

அப்படி ஊதாதே என்று அவர் சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாது என்பது பால்சாமிக்கும் புரிந்துவிட்டது. "போடுங்க சார் அந்தப் பாட்ட" என்றார். "எங்க மச்சானக் கெடுத்தவன் எவன்னு நானும் பாத்துர்றேன்."

போட்டேன். முதல் முறை வெளியே உட்கார்ந்திருந்ததால் பால்சாமி அதைச் சரியாகக் கேட்டதில்லை. இப்போது மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் போனதும் விரல்கள் தாமாக ஆடின. திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்தா! உருட்டிட்டான்ல! டிரம்காரன் முக்கு குடுத்துட்டான் சார்! இவன் கேக்காமப் போறான் பாருங்க!" கொஞ்சம் பொறுத்து, "மறுபடியும் குடுக்குறான். கெஞ்சுறான்யா. இவன் திரும்பிக்கூடப் பாக்கல." மறுபடி உட்கார்ந்தார். "பாவம். அவனுக்கும் அக்காளக் கட்டுன மச்சான்தான் போல."

மாயழகு சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்காமல் டிரம்பெட் பையில் முகத்தை வைத்துக்கொண்டார். அத்தனை நாள் கோபத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பதிவில் என் குரல் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதையும் டைப் அடிக்கச் சொன்னார் சார்.

பாட்டு முடிந்ததும் பால்சாமி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"மச்சான், முளைப்பாரி எங்க போகும்? கம்மாயில கரைக்க. ஊருல கடைசி வீடு தாண்டுனா கம்மாக்கரை. அங்கயிருந்து மடை வரைக்கும் ஒரு முக்கு கெடையாது. வெயிலுக்கு எவனும் ஆடவும் மாட்டான். அங்க நீ எந்தச் சந்துக்குள்ள வேணாலும் போயிட்டு வா. ஆனா ஊருக்குள்ள என் உருட்டு விழுந்தா எறக்கணும். ஒரு முக்குல பிசகுனாலும் டிரம்மக் கழட்டி வச்சிட்டு நான் பஸ் ஏறிருவேன். அதோட நம்ம செட்டே முடிஞ்சுச்சு. கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்."

"மடையிலயிருந்து திரும்பி வரும்போது மாப்ள?"

"திரும்பி வரும்போது மூடிக்கிட்டு வா."

திருவிழாவுக்கு நானும் சாரும் போனோம். சாருக்கு முழங்கால் வலி. வெயிலில் நடக்க முடியாமல் கோயில் பந்தலில் உட்கார்ந்துவிட்டார். மைக்கையும் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு நான்தான் ஊர்வலத்தோடு நடந்தேன். அத்தனை பேர் பார்க்க நடுத்தெருவில் நடப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தம்பி நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் முதல் முக்கு. கமிட்டித் தலைவர் வந்து முன்னால் நின்றுகொண்டார். பால்சாமி உருட்டினார். மாயழகுவின் கழுத்து நரம்பு புடைத்தது. இறக்கிவிட்டார். அடுத்த முக்கு, இறக்கினார். அடுத்தது பிள்ளையார் கோயில் முக்கு. உருட்டு விழுந்த பிறகும் ஒரு இழை நீண்டது. பால்சாமி தலையைத் திருப்பாமலே, "மச்சான்" என்று பல்லுக்குள் சொன்னார். இறங்கியது. கமிட்டித் தலைவர் அடுத்த முக்குக்குப் போனார்.

கடைசி வீடு தாண்டியதும் கம்மாக்கரை. அங்கே ஆரம்பித்தது எனக்குச் சனியன். சாமிச் சப்பரத்தை இழுத்து வந்த டிராக்டர், தெரு அகலம் போய்க் கரை ஒடுங்கியதும், மாயழகுவின் முதுகோடு ஒட்டி வந்துவிட்டது. அவர் ஊத ஆரம்பித்தார். ஹெட்போனில் டிராக்டர் மட்டும்தான் கேட்டது. டிரைவரிடம் போய்க் கொஞ்சம் பின்னால் வரச் சொன்னேன். நான் ஒரு ஆளிடம் போய் அப்படிக் கேட்டதே பெரிய காரியம்.

"ஸ்லோ பண்ணா ஆஃப் ஆயிரும்ணே. ஆஃப் ஆனா ஸ்டார்ட் ஆகாது. சாமி கரையிலயே நிக்கும், பரவாயில்லையா?"

எத்தனை மாதம், எத்தனை போன், எத்தனை திட்டு. கடைசியில் பதிவாவது டிராக்டர். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறும் காதால் கேட்டேன்.

அதே பழைய கல்யாணப் பாட்டைத்தான் எடுத்தார். கொஞ்ச தூரத்தில் அதை விட்டார். ஒரு சந்துக்குள் போய் வந்தார். இன்னொன்றுக்குள் போனார். பால்சாமி உருட்டாமல், சும்மா குச்சி நுனியால் தட்டிக்கொண்டே கூட நடந்தார். யாரும் ஆடவில்லை. கரை மண் சுட்டதால் பெண்கள் வேகமாக நடந்தார்கள். எனக்கு முன்னால் போன ஒரு அம்மா மட்டும், தலையில் முளைப்பாரி இருப்பதால் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பு முழுவதையும் திருப்பி, இரண்டடி பின்னோக்கி நடந்தபடியே அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பாதிக் கரையில் மாயழகு நிறுத்தினார். மடை இன்னும் தூரத்தில் இருந்தது. டிரம்பெட்டை இறக்கிவிட்டு நடந்தார்.

பால்சாமி பதறிவிட்டார். "ஊது மச்சான்! முக்கு இன்னும் வரல!"

இத்தனை மாதமாக முடி, முடி என்று கத்தியவர் இவர்தான்.

மாயழகு திரும்பவில்லை. "முடிஞ்சிருச்சு மாப்ள" என்றார்.

பிறகு டிராக்டரும் டிரம்மும் மட்டும். கமிட்டித் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். போச்சு என்று நினைத்தேன். "ஏப்பா, ஏன் நின்னுருச்சு? டிராக்டர் சத்தத்துல நடக்கவா உங்களக் கூட்டியாந்தோம்?" என்றார். மாயழகு ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, மடை முக்கில் உருட்டு விழுந்ததும் கச்சிதமாக இறக்கினார். சாயங்காலம் அடுத்த வருடத்துக்கான வெற்றிலை பாக்கைக் கமிட்டித் தலைவர் பால்சாமியிடம் கொடுத்தார். "டிரம்பெட்டுக்கு இதே ஆளு வரட்டும். ஆனா பாதியில நிறுத்தக்கூடாது" என்றார். முடிக்கத் தெரியாதவன் என்றவர்தான் அவரும்.

பந்தலில் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். டிராக்டரைக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து, "ஏன் நிறுத்தினார்? அந்த முடிவு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா செல்வம்?" என்றார்.

"கேக்கல சார்" என்றேன்.

"கேட்டிருக்கணும்."

மைக் ஒயரைச் சுற்றி எடுத்து வைத்தேன்.

புத்தகம் வந்தபோது கம்மாக்கரை அதில் இல்லை. பதிவு சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். மாயழகு பற்றிய பகுதிக்கு 'உந்துதலின் ஊற்று' என்று தலைப்பு. ஆனையூருக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாயழகு தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "இன்னும் விடலையா உங்க சாரு?" என்று கேட்டார். பால்சாமி படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். இல்லை. அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன். இருவரும் இப்போதும் அதே செட்டில்தான் இருக்கிறார்கள். சில முக்குகளில் மாயழகு ஒரு இழை கூடுதலாக நீட்டுவார் என்றும், பால்சாமியும் அதற்குத் தகுந்தாற்போல் உருட்டைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிடுவார் என்றும் கேள்வி.

எனக்கு இரண்டு காதிலும் இரைச்சல் வந்துவிட்டது. இனி ஹெட்போன் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வேலையை விட்டதற்குக் காரணம் அதுதான்.

எனவே தம்பி, அந்த ஃபைலை அழிக்க வேண்டாம். இரைச்சலை எடுக்கிற கருவி எதிலும் போட வேண்டாம். நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். டிராக்டர் போனது, கூடவே டிரம்பெட்டும் போய்விட்டது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மூக்கை முக்கு என்று திருத்துங்கள். அதற்கு அடுத்து, டிராக்டருக்குப் பின்னால், கம்ப்யூட்டர் விட்டுவிட்ட ஒரு வரி இருக்கிறது: "முடிஞ்சிருச்சு மாப்ள." சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால் கிடைக்கும். அதையும் அடியுங்கள். அதற்குக் கீழே, சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, மௌனம் என்று போடுங்கள். டிராக்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும் போடுங்கள்.